கனடாவில் விரியாத கூடும் எங்கள் தேசி மரத்துப் புழுவும்: பூச்சி ஏன் காத்திருக்கிறது?

தேசிமரம் | களுவாஞ்சிகுடி | ஜனவரி 24, இரவு 9.10

வணக்கம். இதை வெள்ளாமைப் பகுதியில் போடுவதா, பொதுப் பகுதியில் போடுவதா தெரியவில்லை. பூச்சிக் கதை என்பதால் இங்கே போடுகிறேன்.

அண்ணன் குடும்பம் ஸ்காபரோவில் இருக்கிறது. அவருடைய மகளுக்குப் பதினொரு வயது. போன செப்டெம்பரில் வீட்டுப் பின்பக்கம் சதகுப்பைச் செடியில் இருந்த மூன்று புழுக்களைப் பிடித்து வளர்த்தாள். பச்சை உடம்பு, கறுப்பு வரி, வரியில் மஞ்சள் புள்ளி. மூன்றும் கூட்டுப்புழுவாகிவிட்டன. அதோடு சரி. ஒக்டோபர் போய், நவம்பர் போய், நத்தாரும் போய்விட்டது. குச்சியில் ஒட்டிய காய்ந்த இலை மாதிரி அப்படியே இருந்தன.

இந்த மாதம் 12ஆம் திகதி காலையில் ஒன்று மட்டும் விரிந்து யன்னல் கண்ணாடியில் நின்றதாம். வெளியே முழங்கால் அளவு பனி. பூவுக்கு எங்கே போவது? பஞ்சில் சீனித் தண்ணீர் நனைத்து வைத்தாள். ஒன்பது நாள் இருந்துவிட்டுச் செத்துவிட்டது. அன்று முழுக்க வாட்ஸ்அப்பில் அழுகை. "சித்தப்பா, மற்ற ரெண்டும் உள்ளுக்க செத்துப் போயிற்றா? இரவிலயும் லைற்றைப் போட்டு வைக்கட்டா?"

எங்கள் வளவுத் தேசி மரத்தில் புழு கூடானால் எட்டுப் பத்து நாளில் வெறுங்கோதுதான் மிஞ்சும். அதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு நாலு மாதம் அசையாத கூட்டைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற_ரீச்சர் | மட்டக்களப்பு நகர் | ஜனவரி 24, இரவு 10.02

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். மிஞ்சிய இரண்டும் பச்சையா, மண்ணிறமா? கையில் எடுத்தால் பாரம் தெரிகிறதா?

---

தேசிமரம் | ஜனவரி 24, இரவு 10.31

கேட்டுவிட்டேன் ரீச்சர். இரண்டும் மண்ணிறம். ஒன்று நல்ல பாரம் என்கிறாள். மற்றதை எடுக்கப் பயமாம்.

---

ஓய்வுபெற்ற_ரீச்சர் | ஜனவரி 25, காலை 6.15

அப்படியென்றால் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. செத்த கூடு கறுத்து, காற்றுப்போல இலேசாகிவிடும்.

நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது பப்பிலியோ பொலிக்சினிஸ். உங்கள் தேசி மரத்துப் புழு பப்பிலியோ டெமோலியஸ். பாடப்புத்தகப் பேச்சில் ஒரே சாதி, இரண்டு இனம். நெருங்கிய சொந்தம்தான், ஆனால் வீட்டில் தொங்கும் கலண்டர் வேறு.

கனடாப் புழு குளிர் வந்த பிறகு விறைத்துப்போய் நின்றுவிட்டது என்றுதான் எல்லாரும் நினைப்போம். நடந்தது அதுவல்ல. செப்டெம்பரில் ரொறன்ரோவில் இன்னும் வெயில்தான். புழு சதகுப்பையைத் தின்றுகொண்டிருக்கும்போதே பகலின் நீளத்தை அளந்திருக்கிறது. ஜூனில் அங்கே பகல் பதினைந்தரை மணித்தியாலம், டிசம்பரில் ஒன்பதுக்கும் குறைவு. பகல் ஓர் அளவுக்குக் கீழே போனால், "இந்தத் தடவை விரியாதே" என்ற முடிவு புழுப் பருவத்திலேயே எழுதப்பட்டுவிடும். கூடாகும்போது அந்த முடிவோடுதான் கூடாகும். அதனால் இப்போது இரவில் விளக்குப் போட்டும் பயனில்லை. விளக்குக்கு வேலை இருந்தது ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும்.

நிறம் கேட்டதற்குக் காரணம், இந்த இனத்தில் பச்சைக் கூடு காத்திருப்பதில்லை. காத்திருப்பவை மண்ணிறம். மண்ணிறமெல்லாம் காத்திருக்கும் என்று திருப்பிச் சொல்ல முடியாது, ஆனால் உங்களுடையது நாலு மாதமாக நிற்கிறதே, வேறு சாட்சி எதற்கு.

இதற்கு ஆங்கிலத்தில் டயபாஸ் என்பார்கள். உறக்கம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உறங்குகிறவனைத் தட்டினால் எழும்புவான். இது எழும்பாது. சூடு கொடுத்தாலும் எழும்பாது. குளிரைக் குறிப்பிட்ட காலம் அனுபவித்தால்தான் பூட்டுத் திறக்கும், அதற்குப் பிறகுதான் வெயில் வேலை செய்யும். இல்லாவிட்டால் ஜனவரியில் இரண்டு நாள் இளவெயில் அடித்ததும் எல்லாம் விரிந்து, மூன்றாம் நாள் பனியில் செத்திருக்குமே.

பிள்ளையின் கூடுகள் ஹீற்றர் போட்ட அறையில் இருந்தன. அவற்றுக்குக் குளிர்காலமே வரவில்லை. அப்படியானவை முறைதவறி விரியும், சில விரியாமலே காய்ந்துபோகும். முதலாவதுக்கு நடந்தது அதுதான். அவளுடைய பிழை இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

---

ஸ்காபரோ_பனி | முன்பு ஆரையம்பதி | ஜனவரி 25, பிற்பகல் 1.40

ரீச்சர் சொன்னது சரி. நான் இங்கே பதினெட்டு வருடம். தேசிமரம் அண்ணே, அவளிடம் சொல்லுங்கள்: வலைப்பெட்டியில் வைத்து, ஹீற்றர் இல்லாத கராஜில் வெயில் படாத மூலையில் விடட்டும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை இலேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். 22 பாகையிலிருந்து நேரே வெளியே மறை 15க்குத் தூக்கிப் போட வேண்டாம், ஒரு கிழமை குளிரான நிலவறைப் படியில் வைத்துவிட்டுப் பிறகு கொண்டுபோகட்டும். மே மாதம்தான் வேலை.

இன்னொன்று. நடைபாதை ஓரங்களில் கோல்டன்ரொட் என்ற மஞ்சள் பூச்செடியின் காய்ந்த தண்டில் தேசிக்காயை விடச் சிறிதாக உருண்டை வீக்கம் இருக்கும். பிளந்தால் நடுவில் வெள்ளைக் குடம்பி, அதாவது புழு. யூரோஸ்டா என்ற ஈயின் குடம்பி அது. குளிரில் உடம்பு உண்மையாகவே உறைகிறது. கலங்களுக்கு வெளியே பனிக்கட்டி, உள்ளே கிளிசரோலும் சோர்பிற்றோலும், அதாவது காருக்கு ஊற்றும் உறைதடை மாதிரி ஒரு சரக்கு. வசந்தத்தில் உருகி எழும்பிக் கூடாகி ஈயாகப் பறக்கும். அதே செடியில் நீட்டு வீக்கம் போடும் அந்துப்பூச்சி ஒன்றும் இருக்கிறது, அது உறையாமலே தப்பும் வழியைப் பிடித்திருக்கிறது. ஒரே தண்டு, இரண்டு வைத்தியம்.

---

வட்டை_விதானை | படுவான்கரை | ஜனவரி 25, இரவு 8.20

எல்லாம் நல்லாத்தான் இருக்குது. கனடாப் பூச்சி ஹீற்றருக்குள்ள விரிஞ்சா என்ன, கராஜுக்குள்ள விரிஞ்சா என்ன? இங்கே மாரி வெள்ளாமை குடலைப் பருவம். எங்கட அறக்கொட்டி கோடையில எங்கே போய் ஒளிக்குது என்று சொல்லுங்கோ, நான் இந்த இழையை வாசிக்கிறேன். அதுவும் மண்ணுக்குள்ள காத்திருக்குதா?

---

சம்மாந்துறை_காக்கா | ஜனவரி 25, இரவு 9.05

விதானையார், அறக்கொட்டி எங்கும் ஒளிப்பதில்லை. அதற்கு இந்தக் காத்திருக்கும் வித்தையே தெரியாது. புத்தகத்தில் கபிலநிறத் தத்தி என்று இருக்கும். நெல்லில் குடிக்கும், நெல்லில் முட்டையிடும், ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை முடியும். பயிர் முற்றிச் சாறு வற்றினால் நீண்ட சிறகுள்ளவை பிறந்து காற்றில் ஏறும். மற்றப் பூச்சி நேரத்தைக் கடக்கிறது, இது தூரத்தைக் கடக்கிறது.

ஜப்பானில் பாருங்கள், அங்கே குளிர்காலத்தில் ஒன்றுகூட மிஞ்சாது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ஜூன், ஜூலையில் வயலில் நிற்கும். எங்கிருந்து வருகிறது என்று நெடுநாள் குழம்பினார்கள். 1967இல் ஜப்பானுக்குத் தெற்கே நடுக்கடலில் நின்ற வானிலைக் கப்பலில் தத்திகள் கூட்டமாக வந்து விழுந்த பிறகுதான் கடல் தாண்டுவது உறுதியானது. வட வியட்நாம், தென் சீனப் பக்கத்திலிருந்து மழைக்காற்றோடு வருகின்றன.

எங்களுக்கு அந்தக் குளிர் இல்லை. சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்கிறோம், அறுத்த தாளில் மறுதளிர் விடுகிறது, வாய்க்கால் ஓரத்தில் சிந்திய நெல் முளைக்கிறது. அறக்கொட்டிக்கு வருடம் முழுக்கச் சோறு. குளிர் செய்யும் வேலையை நாங்கள்தான் செய்யவேண்டும்: வட்டை முழுக்க ஒரே கிழமைக்குள் விதைப்பது, அறுத்த பிறகு இடையில் வயலை வெறுமையாக விடுவது. ஒருவன் கார்த்திகையில் விதைத்து அடுத்தவன் மார்கழி முடிவில் விதைத்தால், முன்னவன் வயலில் பெருகியது பின்னவன் வயலுக்கு விருந்துக்குப் போகும். மருந்தை முந்தி அடித்துச் சிலந்தியையும் கொன்றால் விருந்துக்குக் காவலும் இல்லை.

தண்டு துளைக்கும் புழு விஷயம் கொஞ்சம் வேறு. அறுத்த தாள்கட்டைக்குள்ளே கொஞ்சம் தங்கும். ஜாவாத் தீவில் வெள்ளைத் தண்டுதுளைப்பான் என்று ஓர் இனம், வறட்சி முழுவதும் தாள்கட்டையின் அடியில் குடம்பியாகவே கிடந்து மழை நனைத்த பிறகு கூடாகி, எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். அதற்கு டயபாஸ் என்று தாராளமாகச் சொல்லலாம். எங்கள் மஞ்சள் துளைப்பானுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆனாலும் தாள்கட்டையை உழுது புரட்டினால் வெண்கதிர் குறையும் என்று எங்கள் வாப்பா சொன்னதில் பிழையில்லை.

---

வட்டை_விதானை | ஜனவரி 25, இரவு 9.40

சரி காக்கா. ஒரே கிழமைக்குள் விதைக்கச் சொல்லி நானும் ஒவ்வொரு கூட்டத்திலும் கத்துறேன். கூட்டத்தில எல்லாரும் தலையாட்டுவாங்க, மறுகா அவனவன் டிரக்டர் கிடைச்ச நாளில விதைப்பான்.

இழையை வாசிக்கிறேன்.

---

கல்லடிப்_பாலம் | ஜனவரி 26, காலை 7.50

எங்கள் பக்கம் டெங்கு நுளம்பும் இப்படித்தானே? கோடையில் உறங்கி, மாரி தொடங்கியதும் எழும்புகிறது. ஒவ்வொரு வருடமும் கார்த்திகை மழைக்குப் பிறகுதான் வார்ட் நிரம்புகிறது.

---

வந்தாறுமூலை_மாணவி | ஜனவரி 26, காலை 11.20

அண்ணா, பாதி சரி. ஈடிஸ் எஜிப்டை முட்டை சிரட்டை, டயர், தயிர்ச்சட்டி ஓரத்தில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். ஆனால் அது டயபாஸ் அல்ல. உள்ளே குடம்பி தயாராகவே இருக்கிறது, தண்ணீர் இல்லை என்பது மட்டும்தான் தடை. பஸ்ஸுக்கு நிற்பதற்கும் விரதம் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். பஸ்ஸுக்கு நிற்பவர் பஸ் வந்ததும் ஏறுவார். விரதக்காரர் முன்னால் சோற்றை வைத்தாலும் நேரம் வரும்வரை தொடமாட்டார்.

விரதம் பிடிப்பது அதன் உறவுக்காரி, ஈடிஸ் அல்போபிக்டஸ். அதிலும் எங்கள் ஊர்க்காரி இல்லை. ஜப்பான் மாதிரிக் குளிர்நாட்டில் இருப்பவை மட்டும்தான். தாய் நுளம்பு கூட்டுப்புழுவாகவும் பிறகு பறக்கும்போதும் குறுகிய பகலைக் கண்டால், அவள் இடும் முட்டை தண்ணீரில் கிடந்தாலும் பொரிக்காது. பார்த்தது தாய், கட்டளை பிள்ளைக்கு. வெப்ப நாட்டு அல்போபிக்டஸ் அதே குறுகிய பகலைக் கண்டும் கவனிக்காது. 1985இல் அமெரிக்காவின் ஹியூஸ்டனில் இது குடியேறியபோது, பழைய டயரோடு வந்தது ஜப்பான் பக்கத்துக்காரி என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வர இந்தக் குணமும் உதவியது.

எங்கள் சட்டிகளுக்கு வருவோம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஓரத்தை உரஞ்சிக் கழுவவேண்டும். கோடையில் செய்தால் இன்னும் நல்லது, முட்டைகள் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் அது.

---

கல்லடிப்_பாலம் | ஜனவரி 26, நண்பகல் 12.10

விளங்கிவிட்டது தங்கச்சி. வீட்டில் ஆறு தயிர்ச்சட்டி கவிழ்க்காமல் கிடக்கிறது, எழுந்து போகிறேன்.

---

மருதமுனைத்_தறி | ஜனவரி 26, பிற்பகல் 3.30

அப்போ ஈசல்? முதல் மழை விழுந்த அந்தியில் விளக்கைச் சுற்றி வருகிறதே, அதுவும் காத்திருந்ததுதானே? அமெரிக்காவில் 17 வருடம் மண்ணுக்குள் உறங்கும் சில்வண்டு பற்றியும் கேள்விப்பட்டேன். மழையோடு வரும் சிவப்புத் தம்பளப்பூச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

ஓய்வுபெற்ற_ரீச்சர் | ஜனவரி 26, மாலை 5.45

மூன்றும் மூன்று கதை. ஈசல் புற்றுக்குள் முழு உணர்வோடு இருக்கிறது, கதவு திறக்கும் நாளை மட்டும் மழை தீர்மானிக்கிறது. மணமேடைக்குப் பின்னால் சோடித்து நிற்கிற மாப்பிள்ளையை உறங்குகிறார் என்று சொல்வீர்களா? 17 வருடச் சில்வண்டும் உறங்கவில்லை. அத்தனை வருடமும் மரவேரில் சாறு குடித்து மெல்ல வளர்கிறது. 13 வருடக்காரியும் 17 வருடக்காரியுமாக இரண்டு கூட்டம் 2024இல் சேர்ந்து வெளிவந்தன. அந்த இரண்டும் அதற்கு முன்பு சேர்ந்தது 1803இல்.

தம்பளப்பூச்சிக்கு எட்டுக் கால். எண்ணிப் பாருங்கள். பூச்சியே இல்லை, சிலந்திக்குச் சொந்தம். அது மண்ணுக்குள் காத்திருப்பது உண்மைதான், ஆனால் இந்த இழைக்குள் பின்கதவால் வருகிறது.

இதோடு ஒரு பழைய கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் படித்த காலத்தில் குளிர்நாட்டு வின்ரரை "மாரி" என்றுதான் எழுதினார்கள். மாரியில் தவளை உறங்கும், மாரியில் பூச்சி ஒடுங்கும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், வெளியே மாரி மழையில் தவளை கத்திய கத்தில் என் குரல் பிள்ளைகளுக்குக் கேட்காது. எங்கள் மாரியில்தான் எல்லாம் எழும்பும். இங்கே ஒடுங்குவது கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில்.

அதனால்தான் கேட்கிறேன், எங்கள் ஊரில் ஒரு பூச்சி பகலை அளந்து என்ன பயன்? மட்டக்களப்பில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை, ஏறத்தாழ 54 நிமிடம். அளக்க எதுவும் இல்லை. இங்கே கடிகாரம் தண்ணீர்தான்.

---

வந்தாறுமூலை_மாணவி | ஜனவரி 26, இரவு 9.15

ரீச்சர், மன்னிக்கவேண்டும், கடைசிப் பந்தியோடு ஒத்துப்போக முடியவில்லை.

பனாமாவில் பாரோ கொலராடோ என்றொரு தீவு. கிட்டத்தட்ட 9 பாகை வடக்கு, எங்களை விடக் கொஞ்சம்தான் மேலே. அங்கேயும் பகல் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கே ஸ்டெனோடார்சஸ் என்ற சின்ன வண்டு ஆயிரக்கணக்கில் ஒரு பனைவகை மரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு வருடத்தில் பத்து மாதம் போல அசையாமல் இருக்கும். அந்தக் காலத்தில் பறக்கும் தசைகளே கரைந்துபோகும், புறப்படும் காலம் வர மீண்டும் வளரும். டனாக்கா, டென்லிங்கர், வோல்டா என்ற ஆய்வாளர் மூவரும் 1987இல் காட்டியது என்னவென்றால், அந்த வண்டு எழும்புவதற்கு ஈரப்பதன் மட்டுமல்ல, பகல் நீளத்தில் வரும் அந்தச் சின்ன மாற்றமும் குறிப்புத்தான்.

அதே டென்லிங்கர் கிழக்கு ஆபிரிக்காவில், மத்திய கோட்டுக்குப் பக்கத்தில், இறைச்சி ஈக்களைப் பார்த்தார். அவை கூட்டுப்புழுவில் டயபாஸ் ஆகின்றன, ஆனால் பகலை அளக்கவில்லை. கொஞ்சம் குளிர்ந்த மாதங்களே அவற்றுக்குப் போதுமான குறிப்பு.

ஆகவே வெப்பநாட்டில் கடிகாரம் ஒன்றல்ல. 54 நிமிடம் எங்களுக்கு ஒன்றுமில்லை, வண்டுக்கு அது எவ்வளவு என்று வண்டைத்தான் கேட்கவேண்டும்.

---

ஓய்வுபெற்ற_ரீச்சர் | ஜனவரி 27, காலை 6.05

மாணவி சொல்வது சரி. "அளக்க எதுவும் இல்லை" என்று எழுதியது என் அவசரம். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்துவிட்டேன், இனி யாரைக் கூப்பிட்டுத் திருத்துவது?

கடனுக்குப் பதிலாக ஒரு கதை. ஹார்வர்டில் கரோல் வில்லியம்ஸ் என்றொருவர், 1940களில் செக்ரோப்பியா என்ற பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுக்களோடு மினக்கெட்டார். குளிரில் வைக்காத கூடு விரியாது. அவர் குளிரில் வைத்த கூட்டிலிருந்து மூளையை எடுத்து, குளிர் காணாத கூட்டுக்குள் வைத்தார். அது வளரத் தொடங்கியது. குளிரை அனுபவிக்க வேண்டியது உடம்பு அல்ல, கடுகளவு மூளைதான். அந்த மூளை கொடுக்கும் சுரப்புத்தான் நெஞ்சுப் பகுதிச் சுரப்பியை எழுப்புகிறது, அந்தச் சுரப்பி தரும் எக்டைசோன் வந்த பிறகே உள்ளே சிறகு உருவாகும்.

---

ஸ்காபரோ_பனி | ஜனவரி 27, பிற்பகல் 2.25

இங்கே இப்போது இன்னொரு சிக்கல். பகல் நீளம் மாறாது, குளிர்தான் பிந்தி வருகிறது. பூச்சி பழைய நாளிலேயே பூட்டிக்கொண்டால் நல்ல வெயிலை வீணாக்குகிறது. வட அமெரிக்காவில் குடுவைச் செடி இலைத் தண்ணீருக்குள் வாழும் வயோமியா நுளம்பில் பிராட்ஷோவும் ஹோல்சாப்ஃபெலும் 2001இல் காட்டினார்கள்: 1972க்கும் 1996க்கும் இடையில், வடக்கே உள்ளவை முன்னரை விடக் குறுகிய பகலைக் கண்ட பிறகே டயபாஸுக்குப் போகின்றன. கால் நூற்றாண்டில் மரபே நகர்ந்திருக்கிறது. மற்றப் பூச்சிகளுக்கெல்லாம் இவ்வளவு வேகம் வருமா என்பது எனக்குச் சந்தேகம்.

---

தேசிமரம் | பெப்ரவரி 2, இரவு 8.30

இரண்டு கூடும் கராஜுக்குப் போய்விட்டன. பெட்டியில் "தட்ட வேண்டாம், விரதம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். மாணவித் தங்கச்சியின் வார்த்தை அவளுக்குப் பிடித்துவிட்டது.

---

வட்டை_விதானை | மார்ச் 19, இரவு 7.15

அறுவடை முடிஞ்சுது. எங்கட வட்டையில தாள்கட்டையைப் புரட்ட ஒன்பது பேர் ஒத்துக்கொண்டாங்க. முப்பத்திரண்டு பேரில. கூடு என்னாச்சு?

---

தேசிமரம் | மார்ச் 20, காலை 8.00

இன்னும் விரதம்தான்.

---

தேசிமரம் | மே 23, இரவு 10.20

ஒன்று விரிந்துவிட்டது! நேற்று விடிய, கறுப்புச் சிறகில் மஞ்சள் புள்ளி வரிசை, பின்சிறகில் நீலம். சிறகு காயும்வரை விரலில் வைத்திருந்து, பின்வளவில் விட்டிருக்கிறாள். வீடியோ பார்த்தேன், அண்ணியும் கத்துகிறா.

மற்றதில் இன்று காலை பக்கவாட்டில் வட்டமாக ஓர் ஓட்டை. உள்ளிருந்து வந்தது வண்ணத்துப்பூச்சி இல்லை. செம்மஞ்சள் உடம்பு, கரிய சிறகு, நீண்ட உணர்கொம்பு, குளவி மாதிரி. அவள் பெட்டியைத் தூரப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். இது என்ன?

---

வந்தாறுமூலை_மாணவி | மே 23, இரவு 11.05

ட்ரோகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியாக இருக்கும் அண்ணா. பயப்படவேண்டாம் என்று சொல்லுங்கள். போன வருடம் அவள் புழுவைப் பிடிக்கும் முன்பே தாய்க் குளவி அதற்குள் முட்டையிட்டிருக்கும். புழு கூடாகும்வரை விட்டுவைத்து, பிறகு உள்ளேயே தின்று, அந்தக் கோதுக்குள்ளேயே குளவியும் குளிர்காலம் கழித்திருக்கிறது. முந்தி வந்திருந்தால் முட்டையிட வெளியே புழு இல்லை. இப்போதுதான் சதகுப்பையில் அடுத்த புழுக்கள் வரத் தொடங்கும்.

---

தேசிமரம் | மே 24, காலை 6.40

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா, "அப்போ கராஜுக்குள்ள அதுவும் விரதமா சித்தப்பா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பெட்டியைத் திறந்து குளவியையும் விட்டிருக்கிறாள், சதகுப்பைச் செடியிலிருந்து தூரமாக.